வீரர் விளையும் நிலம்

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், அணிக்குப் பதினொருவராய் மோதி ஆடும் விளையாட்டு அது. தொழில்முறை அணிகளுக்குச் செல்லும் வழி பல்கலைக்கழகங்களின் ஊடாகவே அமைந்துள்ளது. பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் சென்று, திறமிக்க மாணவரைக் கண்டறிந்து, கல்வி உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்கின்றனர். அவர்கள் செல்லும் வழிகளை வரைபடத்தில் குறித்தால் கோடுகள் நாடெங்கும் சீராகப் பரவியிரா. டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களில் அவை அடர்ந்திருக்கும். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய தென்மாநிலங்களும் முன்வரிசையில் நிற்கும். பெரிய மாநிலமாகிய நியூயார்க்கோ மிகவும் பின்தங்கியிருக்கும்.

கருமண்ணின் பிள்ளைகள்

புளோரிடாவின் ஒக்கிச்சோபி ஏரிக்கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்னும் இரண்டு சிற்றூர்கள் உள்ளன. பஹோக்கியின் மக்கள்தொகை ஏறத்தாழ 6,000 மட்டுமே. கரிய சதுப்பு மண்ணில் கரும்பு விளையும் நிலம் அது. ‘அவள் மண்ணே அவள் செல்வம்’ என்பது பெல் கிளேட் நகரின் முழக்கத் தொடர். ஆயினும், அச்செல்வம் வயலில் உழைப்போர் வீடுகளை எட்டியதில்லை. அறுவடைக்கு முன் தோகையை எரிப்பதற்காகக் கரும்புக் காட்டுக்குத் தீ வைப்பர். புகைக்கு அஞ்சி முயல்கள் வெளியே பாயும். ஊர்ச் சிறுவர்கள் அவற்றைத் துரத்திப் பிடிப்பர். நொடிக்கு நொடி திசைமாறும் முயலைப் பிடித்துப் பழகிய கால்களை ஆடுகளத்தில் மடக்குவது எளிதன்று என்பது அவ்வூரார் கூற்று. 2009ஆம் ஆண்டின் சூப்பர் பௌல் இறுதிப்போட்டியில் பிட்ஸ்பர்க் அணிக்கு வெற்றிப்புள்ளி ஈட்டியவர் பெல் கிளேட்டின் சான்டோனியோ ஹோம்ஸ். எதிரணியில் ஆடிய ஆன்குவான் போல்டின் பஹோக்கியைச் சேர்ந்தவர்.

முயல் வேட்டை மட்டும் வீரரை உருவாக்கிவிடாது. கரும்பு வயலைத் தாண்டிச் செல்ல அச்சிறுவர்களுக்குத் தெரிந்த வழிகளுள் முதன்மையானது இந்த உதவித்தொகை. அவ்வழியோ மிகக் குறுகியது. நாடெங்கும் பள்ளி அணிகளில் ஆடுவோர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். அவருள் கல்லூரி அணியை அடைவோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே. கல்லூரி வீரருள் தொழில்முறை அணியை எட்டுவோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

நிலத்தோடு பொழுதும் சேர்கிறது. தென்மாநிலங்களில் பனி உறைந்து களத்தை மூடுவதில்லை. ஆகவே, ஆண்டு முழுவதும் வெளியே ஓடி ஆட இயலும். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் பள்ளிகளுக்கு இளவேனிற்காலப் பயிற்சியையும் அனுமதிக்கின்றன. வடமாநிலங்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை. ஊராரின் ஈடுபாடும் இதற்கு இணையான காரணமே. டெக்சாஸின் ஆலன் நகரில் ஒரு பள்ளிக்காக 2012இல் திறக்கப்பட்ட அரங்கின் செலவு 6 கோடி டாலர், இருக்கைகள் 18,000. கல்விக்கூடம் ஒன்றுக்கு இத்தகைய அரங்கு வேண்டுமா என்னும் கேள்வி எழாமல் இல்லை.

வேலி இட்ட காலம்

வீரர் விளைந்த நிலமும் அவர் ஆட முடிந்த நிலமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. இனப்பாகுபாடு நிலவிய நாளில் தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவரைத் தம் அணியில் சேர்க்கவில்லை. லூசியானாவின் கிராம்பிளிங் போன்ற கறுப்பினத்தார் கல்லூரிகள் அவர்களுக்கு இடமளித்தன. அங்கு எடி ராபின்சன் என்னும் பயிற்றுநர் அரை நூற்றாண்டுக்கும் மேல் அணியை வழிநடத்தினார். ஏனையோர் வடக்கு நோக்கிச் சென்றனர். டெக்சாஸின் போமான்ட் நகரில் வளர்ந்த பப்பா ஸ்மித் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1967இல் தொழில்முறைத் தேர்வின் முதல் வீரரானார். 1970இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி அலபாமாவுக்கு வந்து, கறுப்பினத்தவர் எவரும் இல்லாத அவ்வூர் அணியை 42–21 என வென்றது. வென்ற அணியின் சாம் கன்னிங்காம் கறுப்பினத்தவர். அந்த ஒரு நாள் ஆட்டமே தெற்கை மாற்றியது என்பது மிகை. அலபாமா அதற்கு முன்பே ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்திருந்தது. எனினும், அடுத்த சில ஆண்டுகளில் வேலிகள் விழுந்தன. தெற்கின் திறன் தெற்கிலேயே தங்கத் தொடங்கியது.

இதற்கு மாறான வரலாறு பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதிக்கு உண்டு. பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய எஃகு ஆலை, நிலக்கரி ஊர்களிலிருந்து ஜானி யுனைட்டஸ், ஜோ நேமத், ஜோ மான்டனா, டான் மரினோ, ஜிம் கெல்லி என ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குகள் அடுத்தடுத்துத் தோன்றினர். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன, குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியேறின, பள்ளிகள் மெலிந்தன. மண் மாறவில்லை, வாழ்க்கை மாறிற்று.

வீரர் மிகுந்த மாநிலத்திலும் தேடுவோர் கண்ணுக்கு எட்டாத ஊர்கள் உள்ளன. கலிபோர்னியாவின் உட்பகுதியில் வேளாண்மையை நம்பி வாழும் ஃபயர்பா அத்தகையது. அவ்வூர்ப் பண்ணையில் வளர்ந்த ஜாஷ் ஆலனைப் பள்ளிக்காலத்தில் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அழைக்கவில்லை. அவர் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து ஆடினார். பயிற்றுநர் பலருக்குத் தாமே மின்னஞ்சல் எழுதினார். இறுதியில் வயோமிங் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 2018இல் தொழில்முறைத் தேர்வில் ஏழாவது வீரராகப் பஃபலோ அணி அவரைத் தேர்ந்தது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் தேசியக் கால்பந்து லீகின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருது அவருக்கே கிடைத்தது.