அரிசிமணியளவில் ஓர் அணுக்கடிகாரம்

1967ஆம் ஆண்டில் சர்வதேச அளவியல் மகாநாடு, விநாடி என்னும் காலப்பிரமாணத்தைப் பூமியின் சஞ்சாரத்தினின்றும் விடுவித்து, சீஸியம் என்னும் மிருதுவான உலோகத்தின் அணுவிடம் ஒப்படைத்தது. அற்பமான சக்தி பேதமுள்ள இரண்டு அடிநிலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அந்த அணு தாவும்போது ஏற்கும் அல்லது வெளியிடும் நுண்ணலை 919,26,31,770 முறை அதிர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுவே ஒரு விநாடி. தேய்மானம் அறியாத இத்தகைய அணுவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஓடுவதே அணுக்கடிகாரம்.

இங்கிலாந்தில் டெடிங்டன் நகரத்துத் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் லூயி எஸ்ஸென் முதல் சீஸியக் கடிகாரத்தை 1955இல் இயக்கிக் காட்டினார். அது ஆய்வுக்கூடத்தை விட்டு நகர முடியாத பெரிய யந்திரம். பின்னால் வந்தவை படிப்படியாகச் சிறுத்தன என்றாலும், ஒரு வரம்புக்குக் கீழே இறங்க மறுத்தன. அணுவைத் தூண்டும் நுண்ணலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாதலால், அந்த அலை நிலைகொண்டு அதிர்வதற்கு அதற்கேற்ற அளவில் ஓர் உலோகக் கூடு வேண்டியிருந்தது.

அந்தத் தளையை அறுப்பதற்கான வழி, இத்தாலியில் பீசா நகரத்தில் 1976இல் சோடிய ஆவியைக் கொண்டு நடந்த பரிசோதனையில் பிறந்தது. லேசர் கிரணம் பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்த ஆவியின் நடுவே, கோடு கிழித்தாற்போல் ஓரிடம் மட்டும் இருண்டிருப்பதை ஆல்ஜெட்டா, கோஜினி முதலிய விஞ்ஞானிகள் கண்டார்கள். ஒளியில் கலந்துள்ள இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம் அணுவின் இரு நிலைகளுக்கிடையேயுள்ள பேதத்துக்குச் சரியாகப் பொருந்தும்போது, அணு இரண்டு நிலைகளும் கலந்த ஒரு விசித்திர நிலையை எய்தி, இரண்டு ஒளிகளில் எதனையும் ஏற்காமல் நின்றுவிடுகிறது என்பதே அதன் ரகசியம்.

அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள தேசியத் தர நிர்ணய நிலையத்தார் 2004இல் இதனை உபயோகப்படுத்திக் கொண்டார்கள். மணல் மணியினும் சிறிய ஒரு குறைகடத்தி லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தை விநாடிக்குச் சுமார் 460 கோடி முறை ஏற்றியிறக்கினால், அதன் ஒளியிலேயே 919 கோடி வித்தியாசமுள்ள இரண்டு கிளைகள் தோன்றிவிடுகின்றன. அவை சீஸிய ஆவி அடைத்த சிறு கண்ணாடிச் சிமிழினூடே செல்கின்றன. வித்தியாசம் மிகச் சரியாக அமைந்த கணத்தில் ஆவி ஒளியைக் குறைவாக விழுங்க, அப்பாலுள்ள உணர்கருவியில் வெளிச்சம் சற்றே கூடுகிறது. அந்தக் கூடுதல் குன்றாதபடி மின்சுற்று அதிர்வைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நுண்ணலை அணுவை நேரே தொடாமல் லேசரின் மின்னோட்டத்தோடு நின்றுவிடுவதால் உலோகக் கூட்டுக்கு வேலையில்லை. ஆதலால் கடிகாரத்தின் இதயம் 1.5 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் உயரமுமாக, ஓர் அரிசிமணியளவில் அடங்கிற்று. மின்செலவோ 75 மில்லிவாட்டுக்கும் குறைவு.

சிறுமைக்கு ஒரு விலை உண்டு. சிமிழின் சுவரில் மோதினால் அணு தன் நிலையை இழந்துவிடுமாகையால், மோதலைத் தாமதப்படுத்த வேறொரு வாயுவைச் சேர்க்கிறார்கள். அந்த வாயுவே அணுவின் அதிர்வைச் சிறிது பிறழச் செய்கிறது. எனவே விநாடியை நிர்ணயிக்கும் பெருங்கடிகாரங்களுக்கு இது ஈடாகாது. 300 ஆண்டில் ஒரு விநாடி பிசகும் அளவிலேயே முதல் மாதிரியின் நிலைத்தன்மை இருந்தது.

ஆயினும் இந்தச் சிறு கடிகாரம் அவசியப்படும் இடங்கள் உண்டு. செயற்கைக்கோள் அனுப்பும் நேரக்குறிப்பு கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. சமுத்திரத்தின் அடியில் மாதக்கணக்காகக் கிடந்து பூமியின் நடுக்கங்களைப் பதியும் கருவிகள், எந்த அதிர்ச்சி எங்கே முந்தி வந்தது என்பதை ஒப்பிட்டே பூமியின் உட்பாகத்தை உணர்த்துகின்றன. அவற்றின் கடிகாரங்கள் தம்முள் முரண்பட்டால் ஒப்பீடு வீணாகும். 2011இல் விற்பனைக்கு வந்த, 35 கிராம் எடையும் ஏறத்தாழ 120 மில்லிவாட் செலவுமுள்ள சிறு அணுக்கடிகாரம் பாட்டரியைக் கொண்டே அங்கு ஓடுகிறது. உச்சத் துல்லியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்ததனால்தான், அணுவின் சாட்சியம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அதற்கு அவசியமுள்ள இடங்களை எட்டியிருக்கிறது.