வரிசையின் பின்னால் – 9: நிலவுக்கு மேலே நிரம்பிய பட்டியல்

கணினி வந்த வரிசைப்படியே வேலைகளை எடுத்தால், விளம்பர மின்னஞ்சல்களுக்குப் பின்னால் ஓடிபி மாட்டிக்கொள்ளும் என்று போன வாரம் பார்த்தோம். முன்னுரிமை எண் கொடுத்துவிட்டால் கடைசி எண்காரருக்கு என்றைக்காவது முறை வருமா என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இந்த வாரம் முழுக்க, நிலவில் இறங்கிய அப்போலோ 11-இன் கணினி என்னை விடவில்லை.

1960-களில் எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகத்தில் ஹால் லேனிங் அந்தக் கணினிக்காக ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற நிரலை வடிவமைத்தார். மாற்றி எழுதக்கூடிய மெமரி 2,048 இடங்கள்தான். அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். பெரிய எண் முதலில் ஓடும். அதைவிடப் பெரியது வந்தால் ஓடிக்கொண்டிருப்பது ஒதுங்கி நிற்கும். குறித்த நேரத்தில் எழுந்து சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் சின்ன வேலைகளுக்கு ‘வெய்ட்லிஸ்ட்’ என்று தனிப் பட்டியல். செலரி, சைட்கிக் போன்ற வேலை-வரிசை மென்பொருள்களில் ‘இப்போதே ஓடு’, ‘பத்து நிமிடம் கழித்து ஓடு’ என்று இன்று எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதாக இருக்காது.

என்னைப் பிடித்து உலுக்கியது இனிமேல்தான். கலம் நிலவில் இறங்கும்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், என்ஜினை எவ்வளவு எரிக்க வேண்டும் என்று கணக்கிட்ட வேலையின் பெயர் ‘சர்வீசர்’. இரண்டு விநாடிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும். உயிர்நாடியான வேலை. ஆனால் அதன் எண் மிகப் பெரியதல்ல. நீளமான வேலை என்பதால், குட்டி வேலைகள் நடுவில் புகுந்து முடித்துக்கொண்டு போக அது வழிவிட வேண்டும். அந்த எண்கள் அளந்தது யாரால் காத்திருக்க முடியும் என்பதை மட்டுமே. எந்த வேலை பெரிது என்பதை அவை சொல்லவே இல்லை. நம் ஊர் நிரலாளர்களிடம் நான் ஓயாமல் வாதாடுவது இதற்காகத்தான்: முக்கியமான வேலைக்கெல்லாம் ‘ஹை’ என்று எழுதிவிட்டால், அந்த ‘ஹை’க்கு ஒரு பொருளும் இல்லை.

1969 ஜூலை 20. இறக்கத்தின்போது, தாய்க்கலத்தைக் கண்காணிக்கும் ரெண்டெவூ ரேடாரின் மின்சாரமும் கணினி பக்கத்து மின்சாரமும் கட்டம் பொருந்தாததால், இல்லாத அசைவை எண்ணச் சொல்லித் துடிப்புகள் கொட்டின. மிக மோசமான நிலையில் விநாடிக்கு 12,800. ஒவ்வொன்றையும் எண்ண 11.7 மைக்ரோ விநாடி. பெருக்கிப் பாருங்கள்: கணினியின் நேரத்தில் சுமார் 15 சதவீதம் வீண். கையிருப்பாக இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்மேல் கலத்திலிருந்த விண்வெளி வீரர் ஆல்ட்ரின் திரையில் ஒரு தகவல் கேட்டார். அதற்கும் ஒரு வேலை ஓடியது. சர்வீசர் முடிவதற்குள் அடுத்த சர்வீசர் வந்து நின்றது. முதல் பந்தி எழுந்திருக்கும் முன்னே இரண்டாம் பந்திக்கு இலை போட்ட மாதிரி. வேலைகளுக்கான இடங்கள் எட்டே எட்டு. அவை நிரம்பியதும் 1202 என்ற எச்சரிக்கை. பெரிய கணக்கு வேலைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் துணை இடங்கள் ஐந்தும் நிரம்பியபோது 1201.

அந்த எச்சரிக்கையோடு மென்பொருள் தன்னையே மறுதொடக்கம் செய்துகொண்டது. நிலுவையை அப்படியே கொட்டிவிட்டு, மீண்டும் எழுப்ப வேண்டியவை என்று முன்பே குறித்து வைத்தவற்றை மட்டும், அவை விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடங்கியது. தேங்கிய சர்வீசர்கள் போய் ஒன்றே மிஞ்சியது. ஆல்ட்ரின் கேட்ட தகவல் திரையிலிருந்து மறைந்தது. அதன் பாரமும் இறங்கியது. இப்படி ஐந்து முறை நடந்தும் கலம் வழி தவறவில்லை. எதை இழக்கலாம் என்று பூமியிலேயே, ஆற அமர முடிவு செய்திருந்தார்கள். அந்த நிரல் கம்பியாக, காந்த வளையங்களுக்குள்ளும் வெளியிலுமாக வால்தம் நகரின் ரேத்தியன் ஆலையில் பெண்கள் கையால் கோத்தது. கடைசி நேரத்தில் திருத்த வழியே கிடையாது.

பூமியிலும் ஒரு பட்டியல் இருந்தது. சில வாரங்களுக்கு முந்தைய ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்து, தேவையில்லாமல் இறக்கத்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு 24 வயது நாசா பொறியாளர் ஜாக் கார்மன் எல்லா எச்சரிக்கை எண்களையும், எதற்கு என்ன செய்வது என்பதையும் கையால் எழுதி வைத்தார். அன்று அவர் பார்த்துச் சொன்னதை வைத்து, கட்டுப்பாட்டு மையத்தில் வழிகாட்டல் அதிகாரியாக இருந்த 26 வயது ஸ்டீவ் பேல்ஸ் தொடரச் சொன்னார்.

சர்வீசருக்கு நேர்ந்தது இன்றும் நடக்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் ‘க்ரான்’ வேலை ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டியது, ஒருநாள் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அதே தேக்கம்தான். செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டீசில், இத்தகைய வேலைக்கு ‘ஃபர்பிட்’ என்று எழுதினால், முந்தையது முடியாதவரை அடுத்தது தொடங்காது. எழுதாமல் விட்டால் ‘அலவ்’; ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். இந்த வாரமே உங்கள் அமைப்புக் கோப்பைத் திறந்து, எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசி எண்காரர் அடுத்த வாரத்துக்குப் போகிறார். அவரோடு 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரும் வருகிறது. அங்கே முன்னுரிமை குறைந்த வானிலை வேலை ஒன்று ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ள, முன்னுரிமை மிகுந்த வேலை ஒன்று வெளியே காத்து நின்றது.