கோட்டுக்கு இருபுறமும் – 14: பூண்டும் உள்ளியும்

கனெக்டிகட் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்னும் அமெரிக்க மாநிலங்கள் ஒரே மேப்பிள் மரத்தின் பாகைத் தத்தம் அடையாளமாகக் கொண்டாடுவதைச் சென்ற இதழ் கண்டது; விரிவு வேண்டுவோர் அதைப் புரட்டிக்கொள்ளலாம். பழனி மலைத்தொடரின் மேற்கு விளிம்பில் வழங்கும் பேச்சுமொழி இவ்வாரம் ஆராயப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இடையில் வெள்ளைப்பூண்டு குறுக்கிட்டுவிட்டது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெடுங்காலம் போராடியும், தமிழர் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடனேயே நின்றன. அதனால் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இடையே கிடந்த பழைய கோடு, இரு மொழிகளுக்கு இடைப்பட்ட கோடு என்னும் புதுப் பொருளைப் பெற்றது. அக்கோட்டின் கிழக்கே, கொடைக்கானலில் ‘மேல்மலை’ என்று வழங்கும் பகுதியில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய ஊர்கள் உள்ளன (பூண்டியில் பூண்டு விளைவது உண்மையே எனினும், தமிழகமெங்கும் பூண்டிகள் உண்டாதலால், பெயர்ப்பொருத்தத்தைப் பெரிதுபடுத்த இடமில்லை). மேற்கே வட்டவடை, கோவிலூர், காந்தளூர் ஆகியன உள்ளன. இரு புறமும் படிக்கட்டு வயல்கள், இரு புறமும் குளிர், இரு புறமும் பூண்டு.

ஒரு விளைபொருளின் தன்மை அது விளையும் நிலத்தோடு பிரிக்க இயலாதபடி பிணைந்திருப்பின், அந்நிலத்தாருக்கு மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வழங்கும் பதிவே புவிசார் குறியீடு எனப்படும். இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. பழனிப் பஞ்சாமிர்தம் குறியீடு பெற்ற அதே 2019ஆம் ஆண்டில் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ம் அதைப் பெற்றது. சில ஆண்டுகள் கழித்து, கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், ‘காந்தளூர் வட்டவடை வெளுத்துள்ளி’ என்னும் பெயரும் அதே பதிவகத்தின் ஏட்டில் ஏறியது. ஒரே மலைத்தொகுதியின் அருகருகே உள்ள சரிவுகளில் விளையும் பூண்டு, நிலத்தோடு பிணைந்த தனித்தன்மை உடையதென்று இரு முறை, இரு பெயர்களில் சான்றளிக்கப்பட்டிருப்பதை மேப்பிள் பாகுக்காரர்கள் அறிந்தால் பொறாமைப்படுவர்.

சான்றிதழில் உள்ள சொல்லோ இதனினும் சுவையானது. வட்டவடையில் பூண்டு பயிரிடுவோர் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். அவர்கள் வயலிலும் வீட்டிலும் சொல்வது பூண்டு என்பதே. பதிவேட்டுக்குச் சென்றபோது அது வெளுத்துள்ளி, அதாவது வெளுத்த உள்ளி, ஆயிற்று. எனினும் இதை மலையாளம் தமிழை விழுங்கிய கதையாகக் கொள்வது அவசரமாகும். ஏனெனில் உள்ளி என்பது தமிழுக்கும் உரிய பழஞ்சொல். யாழ்ப்பாணத்துச் சமையலறையில் இன்றும் உள்ளி என்றால் பூண்டுதான். குமரி மாவட்டத்தில் அதே சொல் வெங்காயத்தைக் குறிக்கும். இதற்கு மாறாக, தமிழக அடையாளத்தின் சின்னமாகப் பதிவான பூண்டு என்னும் சொல்லோ, ‘புல் பூண்டு’ என்னும் வழக்கு காட்டுவது போல, சிறு செடி எதற்கும் பொதுவாக நின்று, பின்னரே ஒரு பயிருக்குச் சுருங்கியது. கோட்டின் மேற்கே ‘அயல்’ மொழிப் பெயராகத் தோன்றுவது, கடல் கடந்த தமிழரின் அன்றாடச் சொல்லாக இருக்கிறது.

சந்தைக்கு இந்த நுட்பங்கள் தேவைப்படுவதில்லை. தாளோடு பிடுங்கிக் கொத்தாகக் கட்டிப் புகை படுமாறு பதப்படுத்திய மலைப்பூண்டு, இரு மாநிலங்களிலிருந்தும் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊராகவே பலர் அறிந்த வடுகபட்டி, மலைக்காரர்களுக்குப் பூண்டு விலையின் ஊர்.

பயிர் இவ்வாறு ஒன்றுபட, வேறுபாடு பிறப்பது நிலவுடைமையில். மேற்கே, 1877இல் பூஞ்சார் அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதன் பின்விளைவாகத் தேயிலைக் கம்பெனியின் ஆட்சி உருவாகி, சமவெளித் தமிழர் கூலிகளாக லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியேறினர். கிழக்கே, பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சபை அனுப்பிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியது வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பவே. தோட்டக் கம்பெனி எதுவும் அங்கே மேல்மலையை வளைத்துக்கொள்ளாததால், குன்னுவர் முதலிய மலைக்குடியினரின் சிறு வயல்கள் பிழைத்தன. கொடைக்கானல், மூணாறு என்னும் இரு மலைவாசத்தலங்களையும் பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக இணைத்த சாலையை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்தால் தப்பியோடும் வழியாக வெள்ளையர் எண்ணியதால், அது ‘எஸ்கேப் ரோடு’ எனப்பட்டது. ஜப்பானியர் வரவில்லை, சாலை காட்டுக்குள் மூடப்பட்டுவிட்டது, கொடைக்கானலிலிருந்து மூணாறு செல்வோர் இன்று சமவெளிக்கு இறங்கிச் சுற்றியே ஏற வேண்டும்.

லயத்தில் பேசப்படும் தமிழுக்கும் வட்டவடை வயலில் பேசப்படும் தமிழுக்கும் உள்ள தொலைவு, மதுரையிலிருந்து மீனாட்சியைச் சுமந்து மலையேறியதாகச் சொல்லும் முதுவர் என்னும் பழங்குடியினரின் மொழி ஆகியவை அடுத்த இதழில் வரும். மேற்குப் புறத்து வெல்லமாகிய மறையூர்ச் சர்க்கரை குறுக்கிடாதிருப்பின்.