குண்டர் சட்டத்தில் ஓடும் கடிகாரங்கள்

ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும் மாநில அரசு ஒப்படைக்கலாம்; ஆனால் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஒப்படைக்கலாகாது, தேவையானால் மீண்டும் மூன்று மாதம் நீட்டிக்க வேண்டும் என்பது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தில் மூன்றாம் பிரிவு விதித்திருக்கும் நிபந்தனை. அந்தத் தவணை முடியும் தறுவாய் நெருங்கும்போதெல்லாம் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் தலைகாட்டுகிறது. சட்டமே காலாவதியாகிறதா, உள்ளே இருக்கும் பிள்ளை மூன்று மாதத்தில் வந்துவிடுவானா, தொண்ணூறு நாள் கணக்கு என்று வக்கீல் சொன்னாரே அது இதுதானா என்றெல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் பலர் தாய்மார்கள். அந்த மூன்று மாதம் அதிகாரிக்கு உரிய தவணையே ஒழிய, கைதிக்கு உரியதன்று. அரசாணை ஒன்றால் தவணை நீட்டிக்கப்பட்டுவிடும்; கைதியின் பன்னிரண்டு மாதமோ தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

தடுப்புக் காவல் என்றால் என்ன, ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்பதையெல்லாம் விவரிக்க இங்கே இடம் வீணாக்கவில்லை. பத்திரிகை படிக்கும் எவரும் அவற்றை அறிவர். பலரும் கவனியாமல் விடுகிற விஷயம், இந்தச் சட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் தவணைகள் யாருடைய காலத்தைக் காக்கின்றன, யாருடைய காலத்தைத் தின்கின்றன என்பதுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘குண்டர்’ என்பது சட்டத்தில் வரும் பல வகையினருள் ஒரு வகை மாத்திரமே. கள்ளச் சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசை நிலங்களை அபகரிப்போர் என்று 1982-இல் தொடங்கிய அட்டவணையில் 1988-இல் வனக் குற்றவாளிகளும், 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களும், 2014-இல் இணையக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர்; இடையில் மணல் கடத்துவோரும் சேர்ந்தனர். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் மக்களின் நியாயமான கோபம் ஒன்று முன்னே நின்றது. ஒவ்வொரு முறையும் அந்தக் கோபத்தின் தோளில் ஏறி நிர்வாகத்தின் அதிகாரம் ஓர் அடி முன்னேறியது.

இது தண்டனையன்று, முன்னெச்சரிக்கை மட்டுமே என்று அரசு சொல்லும். நீதிமன்றங்களும் அவ்வாறே சொல்லி வந்திருக்கின்றன. பொது ஒழுங்குக்குப் பங்கம் விளைவிக்காதபடி ஒருவரைத் தடுப்பதே நோக்கமாம். 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டம் ஒழுங்கு, அதனுள் அடங்கிய பொது ஒழுங்கு, அதனினும் உள்ளே அரசின் பாதுகாப்பு என்று மூன்று வட்டங்களை வரைந்து காட்டி, ஒரு தெருச் சண்டை எல்லாம் பொது ஒழுங்கைக் குலைத்துவிடாது என்று தெளிவாக்கியது. தமிழ்நாட்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்தத் தடையைத் தாண்டுவதற்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்துவைத்தார்கள்: பொதுமக்களிடத்திலோ அவர்களில் ஒரு பிரிவினரிடத்திலோ பயத்தையோ பாதுகாப்பின்மை உணர்ச்சியையோ உண்டாக்கும் செய்கை எதுவாயினும், அதனால் பொது ஒழுங்கு பாதிக்கப்பட்டதாகவே கருதப்படும். நிஜமாகப் பாதிக்கப்பட்டதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கருதினால் போதும். ‘கத்தியைக் காட்டினார், கடைக்காரர்கள் கதவடைத்து ஓடினர், போக்குவரத்து ஸ்தம்பித்தது’ என்னும் வாசகங்கள் ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறி உத்தரவுக்கு உத்தரவு திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இந்த விளக்கமே.

இனி, என்னை நெடுநாளாகக் கலக்கிவரும் அந்தச் சூட்சுமத்துக்கு வருகிறேன். குண்டர் சட்ட உத்தரவு பெரும்பாலும் தெருவில் சுதந்திரமாக நடமாடும் மனிதனைத் தேடிச் செல்வதில்லை. ஏற்கெனவே ஒரு வழக்கில் கைதாகி, ரிமாண்டில், புழலிலோ பாளையங்கோட்டையிலோ கம்பிக்குப் பின்னால் இருப்பவனைத் தேடித்தான் வருகிறது. அடைபட்டிருப்பவனால் பொது ஒழுங்குக்கு என்ன ஆபத்து என்று எவரும் கேட்பார்கள் அல்லவா? அதற்கு விடையாக உத்தரவில் ஒரு பத்தி எழுதப்படுகிறது: இவர் ஜாமீன் மனு போட்டிருக்கிறார் அல்லது போடக்கூடும், இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் வழங்கியிருக்கின்றன, ஆகவே இவர் வெளியே வருவதற்கு உண்மையான சாத்தியக்கூறு உண்டு, வந்தால் மறுபடியும் இதே காரியத்தில் ஈடுபடுவார் என்று நான் திருப்தி அடைகிறேன். ஜாமீன் என்பது சட்டம் தரும் உரிமை. அந்த உரிமை கிடைத்துவிடக்கூடும் என்பதே இங்கே சிறை வைப்பதற்குக் காரணமாகிறது. நீதிபதி விடுவிக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பின்மேல், நீதிபதியல்லாத ஒருவர் தம் மனத்தின் திருப்தி ஒன்றையே ஆதாரமாக வைத்து ஓராண்டுச் சிறையைக் கட்டி எழுப்புகிறார்.

2011-இல் ரேகா வழக்கில், அதுவும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. சாதாரணச் சட்டத்தாலேயே சமாளிக்கக்கூடிய காரியத்துக்குத் தடுப்புக் காவலைப் பிரயோகிப்பது சட்டவிரோதம் என்றும், ஒத்த வழக்கில் ஜாமீன் கிடைத்தது என்று சொன்னால் எந்த வழக்கு, யாருக்கு, எப்போது என்ற விவரம் வேண்டும் என்றும் அது கூறியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உத்தரவுகள் குறையவில்லை. உத்தரவின் வாசகம்தான் நீண்டது. ஒத்த வழக்கு ஒன்றின் எண்ணைத் தேடி எடுத்துச் சேர்ப்பது காவல் நிலையத்தின் எழுத்து வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

காவல் ஆய்வாளர் பரிந்துரை எழுதுகிறார். வட்டாரத்தில் ‘அட்வர்ஸ் கேஸ்’ என்று வழங்கும் முந்தைய வழக்குகளும், ‘கிரவுண்ட் கேஸ்’ என்று வழங்கும் கடைசி வழக்கும் அதில் அடுக்கப்படும். முந்தைய வழக்குகளில் ஒன்றிலேனும் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆட்சியரோ ஆணையரோ கையெழுத்திடுகிறார். காவல் தொடங்கிய ஐந்து நாளைக்குள், ‘புக்லெட்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காகிதக் கட்டு கைதியின் கையில் சேர வேண்டும். பன்னிரண்டு நாளைக்குள் மாநில அரசு அங்கீகரிக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு வாரத்துக்குள் அக்கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். கழகத்தின் முன் கைதி தோன்றிப் பேசலாம், ஆனால் அவருக்காக வக்கீல் வாதாட உரிமை இல்லை. எழுத்தறிவு குறைந்த ஒரு கூலித் தொழிலாளி நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டும். போதுமான காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் விடுதலை. உண்டு என்று சொன்னால் அரசு உறுதி செய்கிறது, பெரும்பாலும் உச்சவரம்பான பன்னிரண்டு மாதத்துக்கே.

இத்தனை தவணைகளும் பார்வைக்குப் பாதுகாப்பு அரண்களாகவே தோன்றும். ஆனால் இவை அத்தனையும் நிர்வாகம் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் கோப்புகளின் தவணைகள். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவை நம்பிக் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் கைதியின் தரப்பு முதன்முதலாக ஒரு நீதிபதியின் செவியில் முழுமையாக விழுகிறது. அங்கே மனுவை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. அரசு பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்கிறது, பட்டியலில் முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, மாதங்கள் கழிகின்றன. கடைசியில், எதிர்க்கப்படும் உத்தரவுகளில் பெரும் பகுதி ரத்தாகிறது. புக்லெட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி மங்கியிருந்தது, ஓர் ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்க இத்தனை நாள் தாமதம், அதற்கு விளக்கம் இல்லை என்பன போன்ற காரணங்களே பெரும்பாலும். நீதிமன்றம் இவற்றைக் கண்டிப்போடு பார்ப்பது சரியே. விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரத்துக்கு இந்தச் சிறு சிறு நடைமுறைகளைத் தவிர வேறு கடிவாளம் ஏது?

ஆனால் அதற்குள் ஐந்து மாதமோ ஆறு மாதமோ போய்விட்டிருக்கும். சட்டப்படி இல்லாததாகிவிட்ட உத்தரவு, உண்மையில் பாதித் தண்டனையை நிறைவேற்றி முடித்துவிட்டது. உத்தரவிட்ட அதிகாரி, நல்லெண்ணத்துடன் செய்த காரியத்துக்குப் பாதுகாப்பு தரும் பிரிவின் நிழலில் இருக்கிறார். இழந்த மாதங்களுக்கு ஈடு தரச் சட்டத்தில் வழியில்லை. உத்தரவு ரத்தாவதை அரசு தோல்வியாகக் கருதாமல் இருக்க முடிவதன் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்: நோக்கம் ஓராண்டு அடைப்பதன்று, அடைக்க முடியும் என்று தெருவுக்கும் பேட்டைக்கும் தெரிவிப்பது, அந்த நோக்கம் முதல் நாளிலேயே நிறைவேறிவிடுகிறது.

2017-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஈழப் போரில் இறந்தோரை மெரினாவில் நினைவுகூர முற்பட்டதற்காக மே மாதம் கைதான மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் மற்ற மூவரும் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டனர். ஜூலையில், துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர்மீதும் சேலத்தில் அதே சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. மெழுகுவர்த்தி ஏந்துவதும் துண்டறிக்கை கொடுப்பதும் எந்த அர்த்தத்தில் குண்டர் செய்கை என்ற கேள்விக்கு அரசு கடைசிவரை தகுந்த பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு நேரவில்லை.

இந்த அதிகாரம் நமக்குப் புதிதன்று. 1818-இன் வங்க ஒழுங்குமுறையும், மறு வருஷமே வந்த சென்னை ஒழுங்குமுறையும் கம்பெனி அரசுக்கு விசாரணையில்லாச் சிறையைக் கற்றுக்கொடுத்தன. ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919-இல் தேசமே எழுந்தது. அப்படி எழுந்த தேசம், அரசியலமைப்பு அமலாகி ஒரு மாதம் ஆவதற்குள் 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் இயற்றிக்கொண்டது. அதை எதிர்த்த முதல் பெரும் வழக்கு ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு’. சிறையிலிருந்த அந்தக் கம்யூனிஸ்ட் தலைவரின் மனுவில், காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூடத் தெரிவிக்கக் கூடாது என்றிருந்த பிரிவு மட்டும் விழுந்தது, சட்டம் நின்றது.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. நெருக்கடி நிலையின் கசப்பு ஆறுவதற்கு முன், 1978-இல், நாடாளுமன்றம் 44-ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவால் இரண்டு சீர்திருத்தங்களைச் செய்தது: அறிவுரைக் கழகத்தின் கருத்தில்லாமல் அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே கழகம் அமைய வேண்டும் என்றது. எந்தத் தேதியில் அமலாக்குவது என்பதை மத்திய அரசின் அறிவிப்புக்கு விட்டிருந்தார்கள். அந்த அறிவிப்பு இன்றுவரை வரவில்லை. 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில், அறிவிப்பு வெளியிடுமாறு அரசுக்குக் கட்டளையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குடிமக்களின் பிரதிநிதிகள் கூடி நிறைவேற்றிய பாதுகாப்பு ஒன்று, எத்தனையோ கட்சிகள் மாறி மாறி ஆண்டும், ஒரு தேதி கிடைக்காமல் கிடக்கிறது.

‘ரவுடிகளுக்கு ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?’ என்று கேட்டு வரும் கடிதங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. மாமூல் கேட்டு மிரட்டப்படும் தள்ளுவண்டிக்காரருக்கும், கந்துவட்டிக்காரனுக்கு அஞ்சி ஊரை விட்டோடும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் சாட்சியைக் காப்பாற்றி, புலன் விசாரணையை ஒழுங்காக நடத்தி, தண்டனை வாங்கித் தருவதுதான் அந்தப் பாதுகாப்பு. ஆறு மாதம் அடைத்துவிட்டு, வழக்கை ஆற அமரப் போட்டுவைத்து, அதே ஆளை அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புவதால் தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

தொண்ணூறு நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால்? அந்த வழக்கில் ஜாமீன் கிடைக்கலாம். குண்டர் சட்ட உத்தரவு அப்படியே நிற்கும்.

மூல வழக்கில் ஜாமீன் கிடைத்துவிட்டால்? அப்போதும் வெளியே வர முடியாது.

உத்தரவு ரத்தானதும் வீடு திரும்பலாமா? மற்ற வழக்குகளில் ரிமாண்ட் இல்லாவிட்டால் மட்டும்.

மறுபடியும் போட முடியுமா? புதிய சம்பவங்கள் இருந்தால் முடியும்.

அரசே விலக்கிக்கொள்ள இயலுமா? எப்போது வேண்டுமானாலும்.

குடும்பத்தார் முதலில் செய்ய வேண்டியது என்ன? புக்லெட் கைக்கு வந்த அன்றே எல்லாப் பக்கங்களும் தெளிவாக இருக்கின்றனவா, தமிழில் இருக்கின்றனவா என்று பார்த்து, அங்கீகாரத்துக்குரிய பன்னிரண்டு நாள் கழிவதற்குள் உத்தரவிட்ட அதிகாரிக்கும் மாநில அரசுக்கும் தனித்தனியே முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.