ஒரே கிழங்கு, இரண்டு பசி

சமையலறைத் தராசில் 45 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிதான். அதை எடுத்துவிட்டு, வேகவைத்துத் தோலுரித்த கிழங்கை வைத்தேன். 275 கிராம் காட்ட நடுத்தரக் கிழங்கு மூன்று வேண்டியிருந்தது. இரண்டிலும் இருப்பது ஏறக்குறைய 240 கலோரி. சிப்ஸ் டி.வி. விளம்பரம் முடிவதற்குள் காலி. கை மறுபடி பாக்கெட்டைத் தேடியது.

சிட்னி பல்கலைக்கழகத்தின் சூசன்னா ஹோல்ட் குழுவினர் இந்த வித்தியாசத்தை முறையாக அளந்து 1995-ல் வெளியிட்டார்கள். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் 240 கலோரி. சாப்பிட்டவர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் வரை, பசி எப்படி இருக்கிறது என்று குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் முட்டைக்கு 150, ஆப்பிளுக்கு 197, மீனுக்கு 225. முதலிடம், 323 வாங்கிய வேகவைத்த உருளைக்கிழங்குக்கு! அதே கிழங்கு சிப்ஸானபோது கிடைத்தது வெறும் 91.

பச்சைக் கிழங்கின் எடையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீர். வாணலியில் சலசலவென்று பொங்குவது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம்தான். அது போன இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. இரைப்பைச் சுவரில் உள்ள நரம்பு முனைகளோ அது எவ்வளவு விரிகிறது என்பதைத்தான் வேகஸ் நரம்பு வழியே மூளைக்குச் சொல்கின்றன. புரதம் குடலை எட்டும்போது சுரக்கும் ஹார்மோன்களும் ‘போதும்’ என்ற சேதியை அனுப்புகின்றன.

அப்படியானால் சாப்பாட்டோடு ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் ஆயிற்றே? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் இதைச் சோதித்தார். கோழி, அரிசி சேர்ந்த ஒரே பண்டத்தைப் பெண்களுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன், ஒருநாள் கெட்டியாகக் கொடுத்தார். இன்னொரு நாள் அதோடு ஒரு தம்ளர் தண்ணீர். வேறொரு நாள் அதே தண்ணீரைச் சேர்த்துக் காய்ச்சிய சூப். சூப் குடித்த நாளில் மட்டும் மதியச் சாப்பாடு கணிசமாகக் குறைந்தது. தனியே குடித்த தண்ணீர் பசியை ஏமாற்றவில்லை.

நம் அடுப்படிக்கு இது புதிதல்ல. சுரைக்காயிலும் புடலங்காயிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பாசிப்பருப்போடு கூட்டாக்கினால் புரதமும் சேர்கிறது. தட்டில் அப்பளத்தைக் குறைத்து, கூட்டைக் கூட்டினால் வயிறு குறை சொல்லாது. மாலைப் பசிக்கு மிக்சரைவிடச் சுண்டல் மேல்.

இதற்காக மூன்று வேளையும் உருளைக்கிழங்கு வேண்டாம். சிட்னியில் பார்த்தது சிலரின் இரண்டு மணி நேரப் பசியை மட்டுமே. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கிழங்கில் அளவு அவசியம்.

மறுநாள் அந்த மூன்று கிழங்கையும் உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட உட்கார்ந்தேன். மூன்றாவது கிழங்கு தட்டிலேயே மிஞ்சிவிட்டது.