60 எஃப்பிஎஸ் காட்டுது, ஆனா கேம் திக்குது: ஏன்?

எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். பட்ஜெட் கேமிங் பிசி வச்சிருக்கறவங்க அடிக்கடி கேட்கிறது: "மூலையில 60 எஃப்பிஎஸ்னு நம்பர் காட்டுது. ஆனா விளையாடும்போது நடுநடுவுல திக்குது. கிராஃபிக்ஸ் கார்டை மாத்திடலாமா?"

உடனே மாத்தாதீங்க. காரணம் தெரியாம கார்டு வாங்கினா, காசும் போயிருக்கும், திக்கலும் அப்படியே இருக்கும்.

சராசரி எதை மறைக்குது?

ஒரு பஸ் ஸ்டாப்பை நினைச்சுக்கோங்க. மணிக்கு 6 பஸ். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா யாருக்கும் பிரச்சனை இல்ல. ஆறும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துட்டு, அப்புறம் 50 நிமிஷம் ஒண்ணுமே வரலைன்னா? கணக்குப்படி அப்பவும் மணிக்கு 6 பஸ்தான். வெயில்ல நிக்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எஃப்பிஎஸ்ஸும் அப்படித்தான். 60 எஃப்பிஎஸ் சீரா வரணும்னா ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 16.7 மில்லிசெகண்டுல தயாராகணும். 59 ஃப்ரேம் தலா 15 மில்லிசெகண்டுல முடிஞ்சு, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 115 மில்லிசெகண்ட் எடுத்துக்குதுன்னு வைங்க. கூட்டிப் பாருங்க, சரியா 1000 மில்லிசெகண்ட். நம்பர் 60னுதான் காட்டும். உங்க கண்ணுக்கு அந்த 115தான் தெரியும்.

சாஃப்ட்வேர் வேலையில சர்வர் மெதுவா இருக்குன்னு புகார் வந்தா, நாங்க சராசரியை மட்டும் பார்த்து முடிவு பண்ண மாட்டோம். ரொம்ப லேட்டான ஒரு சதவீத ரிக்வெஸ்ட்டுக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். கேம்லயும் அதுக்குச் சமமான ஒரு நம்பர் இருக்கு, பேரு 1 பர்சென்ட் லோ. அதையும் ஃப்ரேம் டைம் கிராஃபையும் சேர்த்துப் பாருங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடயே வர்ற ரிவாட்யூனர், ரெண்டும் இலவசம். கோடு நேரா ஓடினா நல்லது. திடீர்னு ஊசி மாதிரி மேல ஏறுற இடம்தான் திக்கல்.

யார் யாருக்காகக் காத்திருக்காங்க?

டெஸ்ட் பண்ணும்போது வி-சின்க்கையும் எஃப்பிஎஸ் லிமிட்டையும் ஆஃப் பண்ணிடுங்க. கிராஃபிக்ஸ் கார்டு யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேலயே நின்னா, கார்டு முழு வேலை செய்யுது, அதோட எல்லை அவ்வளவுதான். 60, 70னு விழுந்தா, கார்டு சும்மா காத்திருக்கு. அதுக்கு வேலை கொடுக்க வேண்டிய யாரோ லேட் பண்றாங்க.

"ப்ராசஸர் 30 சதவீதம்தானே ஓடுது"ன்னு டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறாதீங்க. 6 கோர், 12 த்ரெட் இருக்கிற ப்ராசஸர்ல, கேமோட முக்கியமான ஒரு த்ரெட் முழுசா திணறினாலும் மொத்தக் கணக்குல அது சுமார் 8 சதவீதம்தான்.

சந்தேகம் தீரலைன்னா ரெசல்யூஷனை 1080ல இருந்து 720க்குக் குறைங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா, கார்டுதான் தடை. ஏறலைன்னா புது கார்டு வாங்கியும் பெரிய பலன் இருக்காது.

ஒத்தை ரேம்

பட்ஜெட் பில்டுல அடிக்கடி பார்க்கிறது 16 ஜிபி ஒரே ஸ்டிக். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனல்ல நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டா கொடுக்கும். ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டா 51.2. ரைசன் 5 5600ஜி மாதிரி, தனி கார்டு இல்லாம ப்ராசஸர்ல இருக்கிற கிராஃபிக்ஸையே நம்பி ஓட்டறவங்களுக்கு இது உயிர்நாடி. அந்த கிராஃபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்குது.

டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா எத்தனை ஸ்லாட் பயன்படுது, என்ன ஸ்பீடுன்னு தெரியும். 3200 வாங்கியும் 2133 இல்ல 2666னு காட்டினா, பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் ஆகலன்னு அர்த்தம். ஆன் பண்ண காசு வேண்டாம்.

விரேம் நிரம்பி வழியும்போது

4 ஜிபி கார்டுல டெக்ஸ்சரை அல்ட்ரால வச்சா, இடம் பத்தாம மிச்சம் ரேமுக்குப் போகும். அங்க இருந்து ஒவ்வொரு தடவையும் பிசிஐஇ வழியா எடுத்துட்டு வரணும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பாருங்க. சொந்த மெமரியில நொடிக்கு 144 ஜிபி. பிசிஐஇ பக்கம் நாலே லேன்: 4.0ல சுமார் 8 ஜிபி, 3.0ல சுமார் 4 ஜிபிதான். 5600ஜி ப்ராசஸர் 3.0 மட்டும்தான் சப்போர்ட் பண்ணும், பி550 போர்டுல போட்டாலும் அதேதான். இந்த ஜோடியை வாங்குறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். ஏற்கெனவே வாங்கியிருந்தா, மத்த செட்டிங்கை விட்டுட்டு முதல்ல டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்க.

எப்ப திக்குதுன்னு கவனிங்க

வண்டியில வேகமா புது ஏரியாவுக்குள்ள நுழையும்போது மட்டும் திக்கினா, டிஸ்க்கைச் சந்தேகப்படுங்க. ஹார்ட் டிஸ்க் ஒரு ஃபைலைத் தேடிப் பிடிக்கவே பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும், 60 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேமோட பாதி நேரத்துக்கும் மேல அதுலயே போயிடும். கேமை எஸ்எஸ்டிக்கு மாத்துங்க.

ஒரு வெடிப்போ புது எதிரியோ முதல் தடவை வரும்போது திக்கி, ரெண்டாவது தடவை சரியா இருந்தா, அது ஷேடர் கம்பைலேஷன். உங்க ஹார்டுவேர் மேல குத்தம் இல்ல. 2023ல பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 மாதிரி சில கேம்கள் மெனுவிலேயே ஷேடரைத் தயார் பண்ணும். அது முடியற வரைக்கும் பொறுமையா இருங்க. "கேமை ஸ்பீடாக்க" ஷேடர் கேஷை அழிக்கச் சொல்ற வீடியோவை நம்பி அதை அடிக்கடி அழிக்காதீங்க. அழிச்சா எல்லாத்தையும் முதல்ல இருந்து கம்பைல் பண்ணும், திக்கலும் திரும்ப வரும்.

ஆரம்பத்துல நல்லா ஓடி, இருபது நிமிஷம் கழிச்சு மோசமானா, சூடு. சென்னை மே மாசத்துல, கேபினெட்டை கம்ப்யூட்டர் டேபிளோட கீழ் அறைக்குள்ள தள்ளி வச்சா காத்து எங்க போகும்? பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்க. நின்னு போச்சுன்னா, தூசி தட்டுறதும் இடத்தை மாத்துறதும்தான் அப்கிரேடு.

எந்த வரிசையில?

முதல்ல காசில்லாத வேலைகள்: எக்ஸ்எம்பி, டெக்ஸ்சர், தூசி. கூடவே எஃப்பிஎஸ் லிமிட். 60க்கும் 90க்கும் நடுவுல ஊசலாடுறதை விட, 60ல பூட்டி வச்சா கைக்கு நல்லா இருக்கும். அடுத்து இன்னொரு ரேம் ஸ்டிக், எஸ்எஸ்டி. கார்டு கடைசி. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. கேம்ல அதே இடத்துல மூணு தடவை ஓட்டி, 1 பர்சென்ட் லோவைக் குறிச்சு வைங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரை தெரியாது.

இவ்வளவும் பண்ணி, யூசேஜ் 95க்கு மேலயே நிக்குதா? அப்ப தாராளமா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புங்க. எதுக்காக வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குவீங்க.

அடுத்த எபிசோடுல பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது கடையிலேயே எதையெல்லாம் சோதிக்கணும்னு பேசலாம்.