தனி அலுவலர் காலம்

2025 ஜனவரி 5. நெசவு ஊரான சந்தவாசல் இருக்கும் திருவண்ணாமலை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் அன்றோடு முடிந்தது. தேர்தல் வரவில்லை, வார்டு மறுவரையறை பாக்கி என்றார்கள். தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்காகச் சந்தவாசலில் ஒரு தறியும் நிற்கவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஊராட்சிக்கு ஆயுள் ஐந்தாண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் என்கிறது அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு. ஆனாலும் தள்ளிப்போடக் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் பொய்யும் இல்லை. 2016 அக்டோபரில், பழங்குடியினர் இடஒதுக்கீட்டைக் காட்டி திமுக போட்ட வழக்கில் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது ஆண்டது அதிமுக. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். மாமன்றமே இல்லாத காலம் ஒரு மாமன்றத்தின் முழு ஆயுளைத் தாண்டிவிட்டது. 2025-இல் ஆண்டது திமுக. (உத்திரமேரூர் குடவோலைத் தேர்தலை மேடையில் மெச்சாத கட்சி இரண்டில் எது?)

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். வார்டு உறுப்பினர் அதே தெருக்காரர். காலையில் பாவு நீட்டும்போது எதிரே வருவார். நாலு பேர் முன்னால் கேட்டுவிடலாம். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் மறுபடி ஓட்டுக்கு வந்தாக வேண்டியவர்கள். தனி அலுவலரோ வட்டார வளர்ச்சி அலுவலர். மாநிலத்தில் சுமார் 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஒருவர் தலையில் சராசரியாக முப்பதுக்கு மேல். அவர் நல்லவராகவே இருக்கட்டும், பார்க்க ஒன்றிய அலுவலகம் வரை போக வேண்டுமே. சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தறி நின்றால் கூலியும் நின்றது. இரண்டு முறை போவார். பிறகு தெருவில் காசு பிரித்துத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். கேட்கும் பழக்கம் அங்கேயே போய்விடும்.

இது புதிதல்ல. தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான் வந்தது, அடுத்தது 1996-இல். நெருக்கடி நிலைக்கு 1975 ஜூன் 25 என்று ஒரு தேதி உண்டு. அதை நினைவில் வைத்திருந்து 1977-இல் நாடு பதில் சொன்னது. தள்ளிவைப்புக்குத் தேதியே கிடையாது. இலங்கையிலும் இப்படித்தான். அங்கே 1977-இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் ஆயுளை 1982 டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு வைத்தே நீட்டினார்கள். போர் முடிந்தபின் 2013-இல் வாக்களித்து அமைத்த வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகம். தேர்தல் முறையைத் திருத்தியபின் தொகுதி மறுவரையறை முடியவில்லை என்பது அங்கே சொன்ன காரணம்.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-இல் வந்தது; 2019 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறை கண்டது. முதல் ஐந்தாண்டில் தீர்மானப் புத்தகமும் வரவுசெலவும் பழகிய அந்தப் பெண்கள் மறுமுறை நிற்க வேண்டிய ஆண்டு 2024. தேர்தல் அறிவிப்பே வரவில்லை.